தொட்டுப் பார்த்து வாங்கிய கன்ட்ரோலர்

1. மூன்றாம் நாள் திரும்பி வந்த பெட்டி

நான் விற்ற டிஜே கன்ட்ரோலர் ஒன்று மூன்றாம் நாளே கடைக்குத் திரும்பி வந்தது. திங்கட்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் இருக்கிற எங்கள் சவுண்ட் சாமான் கடையில் அப்போது கூட்டம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் சிதம்பரம் முருகானந்தம். கல்யாணம், காதுகுத்து, கல்லூரி விழா என்று ஸ்பீக்கரும் லைட்டும் வாடகைக்கு விடுகிறவர். எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர். சனிக்கிழமை அவர்தான் வந்து அந்தக் கன்ட்ரோலரை வாங்கிப் போயிருந்தார்.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் படியேறினார். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு கை முருகானந்தத்தின் தோளில் இருந்தது. இன்னொரு கையில் மடக்கி வைத்த வெள்ளைக் குச்சி.

குச்சியைப் பார்த்ததுமே நான் செய்த தப்பு என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் முருகானந்தம். "நீங்க குடுத்தது நல்ல மெஷின்தான். நம்ம மச்சானுக்கு ஒத்துவரல."

"ஒத்துவரலன்னு ஏன் சொல்ற மாமா?" என்றார் பின்னால் நின்றவர். "மேல பூரா கண்ணாடி. எங்க வெரல் வச்சாலும் ஒரே மாதிரி இருக்கு. நான் எதை அமுக்குறேன்னு அதுக்குத்தான் தெரியுது, எனக்குத் தெரியல."

அவர் பெயர் இளங்கோ. முருகானந்தத்தின் மனைவியினுடைய தம்பி.

2. நான் கேட்காமல் விட்டது

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெசிந்தா. பில் டைப் அடிக்கிற வேலைக்குத்தான் இந்தக் கடையில் சேர்ந்தேன். அப்போது கடையில் இருந்ததெல்லாம் ஆம்ப்ளிஃபயர், கோன் ஸ்பீக்கர், மைக், ஒயர். பில் அடிக்கும்போது சாமான் பெயர்கள் மனப்பாடமாயின. பிறகு எந்த ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர் என்று கேட்டால் சொல்ல வந்தது. முதலாளி ஹக்கீம் பாய் அதைக் கவனித்து, வாய்ச் சாமர்த்தியம் இருக்கிறது என்று என்னை கவுண்டருக்கு மாற்றினார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது டிஜிட்டல் டிஜே சாமான் பிரிவு முழுக்க என் பொறுப்பு.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விஷயம். டிஜிட்டல் டிஜே செட்டப் என்றால் அடிப்படையில் நாலு சாமான்தான். பாட்டு இருக்கிற லேப்டாப், அதில் ஓடுகிற மென்பொருள், கையால் இயக்குகிற கன்ட்ரோலர், வாசிக்கிறவர் அடுத்த பாட்டை ஜனங்களுக்கு முன்னால் தான் மட்டும் கேட்டுக்கொள்ள ஒரு ஹெட்போன். அதற்கப்புறம் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். சில கன்ட்ரோலர்களுக்கு லேப்டாப்பே வேண்டாம். எல்லாம் அதன் மேலேயே பெரிய தொடுதிரையில் இருக்கும். முருகானந்தத்துக்கு நான் விற்றது அந்த ரகம்.

சனிக்கிழமை நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நம்ம மச்சான்தான் வாசிப்பான். நல்லதா ஒண்ணு காட்டுங்க" என்று அவர் சொன்னார். கடையிலேயே விலை ஜாஸ்தியான மெஷினை நான் எடுத்து வைத்தேன். திரையில் விரலைத் தேய்த்துக் காட்டினேன். பாட்டின் அலை நீலமும் சிவப்புமாக ஓடியது. அவர் அசந்துபோனார். "மச்சானுக்கு இது வசதியா இருக்குமா?" என்று அவர் கேட்டதற்கு, "இதைவிட வசதியா இன்னா வேணும்?" என்று நான் பதில் சொன்னேன்.

உங்கள் மச்சான் யார், இதுவரை எதில் வாசித்திருக்கிறார், ஏன் அவர் வரவில்லை என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தேன். பேசத் தெரிந்தவள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பெட்டியைப் பிரித்து, ஆசையாக மச்சானின் கையை எடுத்து மெஷின் மேல் வைத்தபோதுதான் அவருக்கே விஷயம் உறைத்திருக்கிறது. கண்ணாடி வழுக்கிக்கொண்டு போனதாம். இளங்கோ கையை எடுத்துக்கொண்டாராம்.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை என்று எங்கள் கடைச் சுவரில் போர்டு இருக்கிறது. நான் ஹக்கீம் பாயின் மேசைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன்.

"யாருக்குன்னு கேக்கலியா நீ?" என்றார்.

"கேக்கல பாய்."

அவர் போர்டைப் பார்த்தார், வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார். "பொட்டிய உள்ள வை. டெமோ பீஸ் எத்தினி இருக்கோ அத்தினியும் எறக்கு. இன்னிக்கு உனக்கு வேற கஸ்டமர் கெடையாது."

3. மேசை மேல் ஐந்து மெஷின்

ஐந்து கன்ட்ரோலர்களை நீள மேசையில் வரிசையாக வைத்தேன். அப்போதும் இரண்டாவது தப்பு செய்தேன். "அவருக்கு எத்தனை சேனல் தேவைப்படும்? அவருக்கு லேப்டாப் பழக்கம் உண்டா?" என்று முருகானந்தத்திடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம்" என்றார் இளங்கோ, குரலை உயர்த்தாமல். "கண்ணுதான் போச்சு. காது நல்லாத்தான் கேக்குது. எங்கிட்டயே கேளுங்க."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் கதையைக் கேட்டேன்.

இளங்கோ புதிதாக ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. சிதம்பரத்தைச் சுற்றி புவனகிரி, பரங்கிப்பேட்டை, ஸ்ரீமுஷ்ணம் வரை ஏழு வருடம் டிஜே வாசித்தவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய். கவனிக்காமல் விட்டதில் முதலில் பக்கவாட்டுப் பார்வை போயிருக்கிறது. நிகழ்ச்சியில் ஒயர் தடுக்கி விழுந்தால் இருட்டு என்று சமாளித்திருக்கிறார். பிறகு லேப்டாப்பில் பாட்டுப் பெயரைப் படிக்க முடியாமல் போயிருக்கிறது. இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். பழைய கன்ட்ரோலரை ஒரு கோபத்தில் யாரோ நண்பருக்குக் கொடுத்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார்.

"சும்மா இல்ல மேடம்" என்றார். "புதுச்சேரில போயி கம்ப்யூட்டர் கத்துக்கிட்டேன். ஸ்க்ரீன்ல இருக்கறத வாய் விட்டுப் படிக்குமே, அந்த சாஃப்ட்வேர். லேப்டாப்ப நானே ஓட்டுவேன். பாட்டு கலக்குறது எனக்குக் கைப்பழக்கம். நடுவுல இருக்கிற பொட்டி மட்டுந்தான் கெடைக்கல."

"வீட்டுல இவன ஒரு பெட்டிக்கடை வச்சு ஒக்கார வச்சிரலாம்னாங்க" என்றார் முருகானந்தம். "நாந்தான் விடல. இவன் வாசிச்சா கூட்டம் எழுந்திரிக்கும் மேடம். நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

இளங்கோ முதல் மெஷின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். விரல்கள் ஓரத்திலிருந்து உள்ளே வந்தன. ஒவ்வொரு திருகையும் தொட்டு, அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தொட்டு, இடைவெளியை அளந்தன. அது சின்ன மாடல். பையில் போட்டு எடுத்துப் போகலாம் என்று சொல்லி நான் நிறைய விற்றிருக்கிறேன்.

"நெருக்கமா இருக்கு. ஒண்ணத் திருப்புனா ரெண்டு திரும்பும்" என்று தள்ளி வைத்தார்.

இரண்டாவதில் பாட்டை ஓடவிடுகிற பட்டனும் நிறுத்திப் பிடிக்கிற பட்டனும் ஒரே அளவு, ஒரே ரப்பர். அவற்றைப் பிரித்துக்காட்ட ஒன்றுக்குப் பச்சை விளக்கும் ஒன்றுக்கு ஆரஞ்சு விளக்கும் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் ஹெட்போன் சத்தத்தைக் கூட்டுகிற திருகு மெஷினின் முன்பக்கத்தில் கீழே ஒளிந்திருந்தது. அதைத் தேடும்போது அவர் முழங்கை, பாட்டின் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரில் பட்டது. "இது ஃபங்ஷன்ல நடந்தா நான் தொலைஞ்சேன்" என்று சிரித்தார்.

இத்தனை வருடமாக அதே மெஷின்களைத் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறேன். இத்தனை சேனல், இத்தனை பேட், இத்தனை கலர் என்று கம்பெனிக் காகிதத்தில் அச்சடித்திருந்ததை ஒப்பித்திருக்கிறேன். இரண்டு திருகுக்கு நடுவே விரல் போகுமா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

நான்காவது மெஷினில் அவர் கை நின்றது. பெரிய உருவம். திரை கிடையாது. பார்க்கப் பழைய மாடல் மாதிரி இருக்கும், அதனால் நான் பின்வரிசையில் வைத்திருந்தேன். பாஸ், ட்ரெபிள் திருகுகள் உயரமாக இருந்தன. ஒவ்வொன்றும் நடுவுக்கு வரும்போது லேசாக இடறி நிற்கும். ஓட்டுகிற பட்டன் பெரியது, பிடிக்கிற பட்டன் சின்னது. இளங்கோ பத்து நிமிடம் அதை விட்டு நகரவில்லை. கை மட்டும் போய் வந்தது.

"அஞ்சாவதையும் பாத்துருங்க" என்றேன்.

"வேணாம் மேடம். இதுதான்."

திரும்பி வந்த மெஷினின் விலையில் பாதிகூட வராத மாடல் அது. ஹக்கீம் பாய் தூரத்திலிருந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கணக்கு நோட்டைத் திறந்தார்.

4. தெருவரைக்கும் கேட்ட குரல்

மெஷின் கிடைத்துவிட்டது, இனி சுலபம் என்று நினைத்தேன். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

இளங்கோ தன் லேப்டாப்பைக் கொண்டு வந்திருந்தார். கன்ட்ரோலருடன் இலவசமாக வருகிற மென்பொருளை அதில் ஏற்றினோம். படித்துச் சொல்லும் குரல் அதற்குள் நுழைந்ததும் திணறியது. "பட்டன். பட்டன். பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனது. எந்தப் பட்டன் என்று சொல்லவில்லை.

"எங்க வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்கு இது" என்றார் இளங்கோ. "ஏதோ இருக்குன்னு சொல்லும். இன்னான்னு சொல்லாது."

இன்னொரு மென்பொருளைப் போட்டோம். அதில் குரல் ஊமையாகவே ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு இருவரையும் அனுப்பிவிட்டு நான் கம்பெனி ஆட்களுக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் என் கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை. "கண்ணு தெரியாதவங்க எதுக்கு மேடம் டிஜே?" என்று ஒருவர் கேட்டார். மூன்றாவதாகப் பேசிய பெண் மட்டும் பொறுமையாக விசாரித்து, குரலோடு ஒத்துப்போகிற ஒரு மென்பொருளின் பெயரைச் சொன்னார். நாங்கள் எடுத்து வைத்த கன்ட்ரோலரை அது ஏற்கும் என்றும் உறுதி செய்தார்.

மாலை நாலு மணிக்கு அதை ஏற்றினோம். குரல் பாட்டுப் பெயரைப் படித்தது. இளங்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்ட்ரோலரைச் சொருகினேன், கடையின் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்தேன். உடனே லேப்டாப்பின் அந்தக் குரல் ஸ்பீக்கர் வழியாகக் கடை அதிரக் கத்த ஆரம்பித்தது. இளங்கோ அதை வேகமாகப் பேச வைத்துப் பழகியிருந்ததால் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. யாரோ சண்டை போடுகிறார்கள் என்று எதிர்க் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

கன்ட்ரோலரைச் சொருகியதும் லேப்டாப் தன் எல்லாச் சத்தத்தையும் அதன் வழியாக அனுப்ப ஆரம்பித்துவிட்டது. இப்படியே மண்டபத்தில் நடந்தால் மாப்பிள்ளை பெண்ணுக்கு நடுவே இந்தக் குரல்தான் பேசும். பாட்டு ஒரு வழியிலும் குரல் இன்னொரு வழியிலும் போக வேண்டும். செட்டிங்கில் போய்ப் பாட்டை கன்ட்ரோலருக்கும் குரலை லேப்டாப்பின் சொந்த இயர்போன் ஓட்டைக்கும் பிரித்து விட்டோம்.

அதற்குத் தகுந்தாற்போல ஹெட்போனும் பார்க்க வேண்டியிருந்தது. இடது காதுக்குள் ஒரு சின்ன இயர்போன், அதில் லேப்டாப்பின் குரல். வலது காதில் பெரிய ஹெட்போனின் ஒரு பக்கம், அதில் அடுத்த பாட்டு. ஹெட்போனின் இன்னொரு பக்கத்தைத் திருப்பிப் பின்னால் தள்ளி வைக்க முடிய வேண்டும். முருகானந்தம் ஒயர் இல்லாத இயர்போனைக் கையில் எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அதில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். வீட்டில் பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்கிறவருக்குக் கை ஒன்று செய்ய, காது ஒன்று கேட்கும்.

எல்லாம் சேர்ந்ததும் இளங்கோ ஒரு பாட்டை ஓடவிட்டார். அது முடிகிற நேரத்தில் அடுத்த பாட்டின் தாளத்தைக் கீழிருந்து மெதுவாக ஏற்றினார். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஹக்கீம் பாய் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். "தம்பி, இன்னொண்ணு போடு."

இளங்கோ இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டு அடுத்த பாட்டைத் தேட ஆரம்பித்தார். 

5. என் வீட்டுக் கல்யாணம்

சரியான சாமானைக் கொடுத்தால் என் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒயர் வாங்க வந்த முருகானந்தத்திடம் விசாரித்தேன். அவர் முகம் வாடிப்போனது.

"தெனம் வீட்டுல வாசிச்சிட்டுதான் இருக்கான். ஃபங்ஷன்தான் வரமாட்டேங்குது. டிஜே யாருன்னு பார்ட்டி கேக்குறாங்க. சொல்றேன். 'ஐயோ பாவம், அவர ஏன் கஷ்டப்படுத்துறீங்க, வேற ஆள் போடுங்க'ன்னுடறாங்க. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக இவன் ஒத்துக்க மாட்டேங்குறான்."

அந்தச் சமயத்தில் என் தம்பி ஆரோக்கியசாமியின் மகள் ரீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காலையில் மாதா கோயிலில் திருமணப் பூசை, மதியம் மண்டபத்தில் வரவேற்பும் விருந்தும். சவுண்ட் ஏற்பாடு என் பொறுப்பு என்று தம்பி ஏற்கனவே சொல்லியிருந்தான். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய் இளங்கோவைப் பற்றிச் சொன்னேன்.

"அக்கா, உனக்கு நல்ல மனசு. அது எனக்குத் தெரியும்" என்றான். "ஆனா ஒரே பொண்ணு கல்யாணத்துல போயி டெஸ்ட் பண்ணிப் பாப்பாங்களா? மாப்ள வீட்டு ஆளுங்க மங்கலம்பேட்டையிலேருந்து பஸ் புடிச்சு வராங்க. நடுவுல நின்னு போச்சுன்னா எம் மூஞ்ச எங்க வச்சுக்கறது?"

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது ரீனா குறுக்கிட்டாள். "அத்தை, அவர் நம்பர் குடுங்க."

அவளே இளங்கோவுக்குப் பேசினாள். தனக்குப் பிடித்த பத்துப் பாட்டைச் சொன்னாள். மறுநாள் அவர் அதைக் கலந்து பத்து நிமிட ஒலிப்பதிவாக அனுப்பி வைத்தார். ரீனா அதைக் கூடத்தில் போட்டாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். பாட்டு முடிந்ததும் ரீனா, "அப்பா, கல்யாணம் எனக்குத்தான? இவர்தான் வரணும்" என்றாள். ஆரோக்கியசாமி என்னைப் பார்த்தான். "உம் பொறுப்பு அக்கா" என்றான். அந்த வார்த்தை என் மேல் பாரமாக இறங்கியது.

6. கேக் வெட்டிய பிறகு

கல்யாணத்தன்று நாங்கள் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இளங்கோவும் முருகானந்தமும் வந்துவிட்டிருந்தார்கள். மேடையின் அகலம், மேசையின் ஓரம், மின்சாரப் பலகை இருக்கிற பக்கம் எல்லாவற்றையும் இளங்கோ நடந்து, தொட்டுத் தெரிந்து வைத்திருந்தார்.

மணமக்கள் உள்ளே வரும்போது பாட்டு சரியான அடியில் எழுந்தது. கேக் வெட்டும்போது மெதுவாக இறங்கியது. முதல் பந்தி முடிந்ததும் ஆட்டம் தொடங்கியது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், நல்ல உயரம், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் இறங்கிவிட்டார். அவருக்கு எல்லாரும் ஆட வேண்டும். ஒவ்வொருவராக இழுத்து விட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் டிஜே மேசைக்கு வந்தார்.

"நீயும் வா தம்பி!" என்று இளங்கோவின் கையைப் பிடித்து இழுத்தார்.

இளங்கோ சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். அதற்குள் இயர்போன் ஒயர் சித்தப்பாவின் கைக்கடிகாரத்தில் மாட்டி, வெடுக்கென்று பக்கவாட்டில் இழுபட்டது. அவர் ஒன்றும் தெரியாமல் ஆடிக்கொண்டே போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இயர்போனின் சொருகுகிற கம்பி பாதியில் உடைந்து, முனை லேப்டாப் ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. வேறு இயர்போன் சொருக வழியில்லை. முனை உள்ளே இருப்பதால் இன்னும் இயர்போன் மாட்டியிருக்கிறது என்று லேப்டாப் நினைத்துக்கொண்டது. தன் ஸ்பீக்கரிலும் குரலை விடவில்லை. பாட்டுப் பெயரைச் சொல்ல இளங்கோவுக்கு இப்போது எதுவும் இல்லை.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிய மூன்று நிமிடம் இருந்தது.

"நான் படிக்கிறேன் இளங்கோ" என்று திரைக்குக் குனிந்தேன். எழுத்தும் எண்ணுமாக வரிசை வரிசையாக இருந்தது. குரல் வேகமாகப் படிப்பதற்காக அவர் பாட்டுப் பெயர்களையெல்லாம் தனக்கு மட்டும் புரிகிற சுருக்கமாக மாற்றி வைத்திருந்தார். நான் இரண்டு வரி தப்புத்தப்பாகப் படித்தேன். தூரத்தில் ஆரோக்கியசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"விடுங்க மேடம்" என்றார் இளங்கோ. "எண்ணிக்கிறேன்."

கன்ட்ரோலரின் நடுவில் பாட்டுப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்துகிற திருகு ஒன்று உண்டு. ஒரு பாட்டு நகர்ந்தால் அது விரலில் ஒரு சின்ன 'டிக்' கொடுக்கும். இளங்கோ அதைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனார். பட்டியலின் உச்சிக்கு மேல் போக முடியாது, எனவே அங்கேதான் நிற்கும். அன்றைய கல்யாணத்துக்காக அவர் நாற்பத்தைந்து பாட்டை வரிசையாக அடுக்கி, அந்த வரிசையை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். உச்சியிலிருந்து உதடு அசைய எண்ணிக்கொண்டே இறங்கினார். பதினேழில் நிறுத்தி, பாட்டை ஏற்றி, வலது காதில் கேட்டார். தலையை ஆட்டினார். ஓடிக்கொண்டிருந்த பாட்டு அடங்கியது, புதியது மேலே வந்தது. மண்டபம் ஒரே குரலில் கத்தியது.

அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வாசித்தார். ஒரே ஒருமுறை எண்ணிக்கை ஒன்று தவறி, ஹெட்போனில் ஒரு சோகப் பாட்டு வந்துவிட்டது. "நல்ல வேளை, எனக்கு மட்டும் கேட்டுச்சு" என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, ஒரு டிக் நகர்த்தினார். வெளியே எவருக்கும் ஒன்றும் தெரியாது.

நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேசைக்கு வந்தார்.

"தம்பி, அடுத்த மாசம் எம் பையனுக்கு நிச்சயதார்த்தம். எங்க ஊருலதான். நீதான் வந்து போடணும், சொல்லிப்புட்டேன்."

முருகானந்தம் தயங்கினார். "வர்றோங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எம் மச்சானுக்குக் கண்ணு தெரியாது."

சித்தப்பா துண்டை இறக்கினார். இளங்கோவின் கறுப்புக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். "அப்படியா? டிஜேன்னா ஸ்டைலுக்கு மாட்டிக்கினு இருக்காருன்னுல்ல நெனச்சேன்!" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அதனால இன்னா? தேதிய எழுதிக்குங்க" என்றார்.

இளங்கோ வாய்விட்டுச் சிரித்தார். முருகானந்தம் திரும்பி நின்றுகொண்டு, ஏற்கனவே சுற்றி முடித்த ஒயரைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

ஆரோக்கியசாமி சாயங்காலம் என்னிடம் வந்து, "அக்கா, நீ ஏன் அப்ப ஓடிப்போயி மேசைகிட்ட நின்ன?" என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். "நல்லவேளை, அப்பவே சொல்லல" என்றான். பிறகு தனக்குப் போட்ட சந்தன மாலையை எடுத்துக்கொண்டு இளங்கோவைத் தேடிப் போனான்.

7. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

மங்கலம்பேட்டை நிகழ்ச்சி நடந்தது. அதைப் பார்த்தவர்கள் மூலம் விருத்தாசலத்தில் ஒன்று கிடைத்தது. பார்ட்டிகள் இப்போதும் சில சமயம் தயங்குகிறார்கள் என்று முருகானந்தம் சொல்கிறார். ஆனால் முகூர்த்த நாளில் இளங்கோவைப் பிடிப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து புது மாடலை விரித்து வைத்து அரை மணி நேரம் பேசினார். ஹக்கீம் பாய் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. மெஷின இங்க வச்சிட்டுப் போங்க. சிதம்பரத்துலேருந்து நம்ம இளங்கோ வந்து கை வச்சுப் பாக்கட்டும். ஆர்டரு அப்புறம்" என்றார். இளங்கோ வந்து பார்த்து மூன்று குறை சொன்னார். கம்பெனிக்கு அதை நானே எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை, வரும்.

எங்கள் கவுண்டரில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வாசிக்கப் போகிற ஆள் வராமல் கன்ட்ரோலர் விற்பதில்லை. வெளியூர் என்றால் போனிலாவது அவரோடு பேசிவிடுவேன். வந்தவர் முன்னால் நான்கைந்து மாடல்களை வைத்துவிட்டு, விளக்கம் சொல்ல அவசரப்படாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். இடது கைப் பழக்கம் உள்ள பெண் ஒருத்தி, விரல் தடித்த ஒரு வெல்டர், வேனிலேயே உட்கார்ந்து வாசிக்கிற ஒரு அண்ணன் தம்பி ஜோடி என்று வந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு மெஷின் எடுத்துப் போனார்கள். யாருடைய பெட்டியும் திரும்பி வரவில்லை.

விற்கிறவருக்கு வாய்ச் சாமர்த்தியம் வேண்டும் என்று சொல்லித்தான் என்னை கவுண்டருக்கு அனுப்பினார்கள். இந்தத் தொழிலை நான் உண்மையில் கற்றுக்கொண்டது, வாயை மூடிக்கொண்டு, வாங்க வந்தவரின் கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்த அந்தத் திங்கட்கிழமையில்தான்.